அதிகாரிக்கு வைத்திருந்த நாற்காலி

அக்கா வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அக்காவும் உட்கார்ந்ததில்லை. கைப்பிடி வைத்த கருஞ்சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பீரோவுக்கு மேல் தலைகீழாகக் கவிழ்த்து, பழைய சேலை ஒன்றைச் சுற்றி வைத்திருப்பாள். நான் போனால் எனக்கு ஒரு காலி பெயிண்ட் வாளி. கல்பாக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது நானே கொண்டுபோய்க் கொடுத்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அக்கா தரையில் உட்காருவாள்.

ஊர்ப் பெயர் வேண்டாம். சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டி செய்யூர் பக்கம் போகிற வழியில், கால்வாய்க் கரையில் ஒற்றை வரிசையாக ஒரு தெரு இருந்தது. இப்போது அங்கே கரை மட்டும் இருக்கிறது. அக்கா மதுராந்தகத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். மருமகனின் வீடு. சமையல்கட்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்கிறாள்.

அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போன்றவர்கள். அப்பா, அம்மா காலத்தில் மற்றவர்களின் நிலத்தில் நெல் அறுத்து, கடலை பிடுங்கி, சவுக்கு வெட்டிப் பிழைத்த குடும்பங்கள். பிள்ளைகள் வேலை தேடிக் கடற்கரைச் சாலைப் பக்கம் வந்தோம். யாரும் கேட்காமல் கிடந்த கரையில் சிலர் குடிசை போட்டார்கள். கீற்று போய் சிமெண்ட் ஷீட் வந்தது, மண்சுவர் போய் செங்கல் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் அங்கேதான் வீடு கட்டினார், அங்கேதான் செத்தார். அதன்பிறகு அக்கா ஒரு சொகுசு விடுதியில் அறை துடைக்கும் வேலைக்குப் போனாள். நான் எங்கேயும் நிலையாக இருக்கவில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. உப்பளம், சவுக்குத் தோப்பு, பெயிண்ட் வேலை, தண்ணீர் கேன் போடுகிற வண்டி என்று சுற்றினேன். ஒரு வேலை பிடிக்காமல் போக எனக்கு ஒரு மழைக்காலம் போதும்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு நாற்காலி உண்டு. ஆபீசர் சேர் என்பார்கள். வீட்டு ஆட்கள் அதில் உட்காரக் கூடாது. சம்பந்தி வந்தாலும் பாய்தான். மீட்டர் பார்க்கிறவர், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வரும் டீச்சர், கொசு முட்டை தேடி வரும் சுகாதாரப் பெண், இப்படி அரசாங்கத்தின் நிழல் யார் மேல் விழுந்திருந்தாலும் அவர்களுக்கு நாற்காலி இறங்கும். முந்தானையால் ஒரு துடைப்பு. "குந்துங்க சார். குந்திட்டுப் பேசுங்க." பாதிப் பேர் வேண்டாம் என்று வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது அந்த வீட்டுக்காரி முகம் செத்துப்போகும்.

இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். தெருவுக்குக் கரண்ட் இல்லாத காலத்தில் ஒரு அதிகாரி மழையில் மாட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் டீ குடித்தார். கொஞ்ச நாளில் கம்பம் நட்டார்கள். பிறகொரு அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே பேசிவிட்டுப் போனார். குடிநீர்க் குழாய் தெருமுனையோடு நின்றுபோனது. இந்த இரண்டையும் வைத்து அவர்கள் ஒரு சட்டம் செய்துகொண்டார்கள். வந்து உட்கார்ந்த அதிகாரி அந்த வீட்டைக் கைவிட மாட்டார்.

நான் இதைக் கேலி செய்ததில்லை. பல ஊர் சுற்றியவன். எல்லா ஊரிலும் ஜனங்கள் அரசாங்கத்தோடு பேச ஏதோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இவர்கள் கண்டுபிடித்தது நாற்காலி.

கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள், தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மாற்று இடம் உண்டு. அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு. ஆனால் செங்கல்பட்டில் நடக்கும் முகாமுக்கு வீட்டுக்காரர் நேரில் போய், போட்டோ எடுத்து, கைரேகை வைக்க வேண்டும். முகாம் முடிவதற்குள் வராதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. விஷயம் அவ்வளவுதான். யாருக்கும் புரியாமல் இல்லை.

முகாமுக்கு முன்னால் வீடு வீடாகப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, முழங்கால் வலிக்காரர். வெயிலில் தெரு முழுக்க நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி இறங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் "பரவால்லம்மா" என்று நின்றபடியே எழுதிக்கொண்டு நகர்ந்தார். அக்கா வீடு தெருவின் கடைசி வீடு. அங்கே வந்து சேர்ந்தபோது கால் தாங்கவில்லை. அக்கா நாற்காலியைப் போட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் அக்கா போனில் சொன்னது. நான் அப்போது மாமல்லபுரத்தில் இருந்தேன். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை மாமா போனதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"டேய், குந்திட்டாங்கடா. நம்ப சேர்ல. மோர் குடுத்தேன், குடிச்சாங்க. பொண்ண எங்க கட்டிக் குடுத்தேன்னு கேட்டாங்க. வாசல் எவ்ளோ சுத்தமா கீதுன்னாங்க."

"வீட்டப் பத்தி இன்னா சொன்னாங்க?"

"பாக்கலாம்மா, என்னால முடிஞ்சத எழுதறேன்னாங்க."

"அப்பால?"

"அப்பால இன்னா? கேம்புக்குப் போங்கன்னாங்க. அது எல்லார்ட்டயும் சொல்றது."

மாமல்லபுரத்தில் என் வேலைக்குப் பெயர் கிடையாது. கல் தேர்களுக்கு எதிரே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பேன். வெளியூர்க்காரர்களைச் சிலைக் கடைக்கோ இளநீர்க் கடைக்கோ கூட்டிக்கொண்டு போவேன். இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தால் நல்லது என்று போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். காலையில் ஒரு வார்த்தை வரும், பொருளும் பிறந்த கதையும் வரும். பெரும்பாலும் எதற்கும் உதவாத வார்த்தைகள். ஆனாலும் நாஸ்தா சாப்பிடுகிற நேரத்தில் படித்துவிடுவேன். அக்கா போன் செய்ததற்கு மறுநாள் வந்த வார்த்தை கியூரூல்.

பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் என் சிநேகிதன் இட்லி தின்றுகொண்டிருந்தான். "இன்னா மச்சான் இன்னிக்கு?"

சொன்னேன். பழைய ரோமாபுரியில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார உரிமை பெற்றிருந்த பெரிய அதிகாரிகளைக் குறிக்கும் அடைமொழி அது. எல்லா அதிகாரிக்கும் அந்த நாற்காலி கிடையாது. கீழ்நிலையில் இருப்பவர்களுக்கு பெஞ்சுதான். ஒரு அதிகாரி கியூரூல் என்றால் அவர் அந்த நாற்காலிக்கு உரியவர் என்று அர்த்தம்.

"இத்த வச்சி எவன்டா உனுக்கு டீ வாங்கித் தருவான்?" என்றான் அவன்.

யாரும் வாங்கித் தரமாட்டார்கள். ஆனால் நான் அன்று அந்த வார்த்தையை விடவில்லை. ஒரு மனிதனின் படிப்பையோ குணத்தையோ சொல்லாமல், எதில் உட்காருகிறான் என்பதைக் கொண்டு அவனைச் சொல்கிற வார்த்தை. பிறந்த கதையை இரண்டு தடவை படித்தேன். லத்தீனில் தேருக்கு குர்ருஸ் என்று பெயர். அதிலிருந்து குரூலிஸ், அதிலிருந்து இந்த வார்த்தை. அதிகாரியின் நாற்காலியைத் தேரில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். மடக்குகிற நாற்காலி. வளைந்த கால்கள் குறுக்காகப் போகும், தந்தத்தில் செய்தது, சாய்ந்துகொள்ள முதுகு கிடையாது. முன்னால் கழிகளைக் கட்டித் தோளில் வைத்த ஆட்கள் வழி விலக்கிக்கொண்டு நடப்பார்கள். எங்கே நாற்காலியை விரித்து அவர் உட்காருகிறாரோ அந்த இடமே நியாயம் சொல்லும் இடம். சந்தையானாலும் தெருவானாலும் சரி. இந்தத் தேர்க் கதையை ஒப்புக்கொள்ளாத படிப்பாளிகளும் உண்டு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இல்லை. நிமிர்ந்தால் எதிரே கல் தேர்கள். அவை ஓர் அடிகூட நகர்ந்ததில்லை. நகர்கிற தேர்கள் செங்கல்பட்டிலிருந்து வருகிற ஜீப்புகள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. அந்தக் கதையில் நாற்காலி யாரையும் காப்பாற்றவில்லை. உட்கார்ந்த அதிகாரி அந்த இடத்துக்கு விருந்தாளியாகப் போகவில்லை, அந்த இடத்தைத் தன் ஆபீஸ் ஆக்கிக்கொண்டார். அக்கா வீட்டிலும் நடந்தது அதுதான். மேடம் உட்கார்ந்தது கால் வலிக்காக. எழுதியது ஆபீசுக்காக.

தெருவில் நிலைமை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. தங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை என்பதால் மற்ற எல்லோரும் பயந்துபோய் முதல் சில நாட்களிலேயே செங்கல்பட்டுக்கு ஓடினார்கள். ரேகை வைத்தார்கள், சீட்டு வாங்கிவந்தார்கள். அக்காவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "உனுக்கு இன்னாக்கா, மேடமே குந்திட்டாங்க. நாங்கதான் மாடிப்படி ஏறி சாவணும்" என்றாளாம் பக்கத்து வீட்டுக்காரி. கேலியா பொறாமையா என்று எனக்குத் தெரியாது. அக்கா பொறாமை என்று எடுத்துக்கொண்டாள்.

நான் பஸ் பிடித்துப் போனேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கியூரூல் கதை முழுவதையும் சொன்னேன். அக்கா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"ரோமாபுரில யாரு சேரு அது?"

"அதிகாரி சேரு."

"அவுங்களே தூக்கினு வந்தாங்களா?"

"ஆமா. தேர்ல."

"அப்ப அது வேற கத. இது யாரு சேரு? நம்ப சேரு. அந்தம்மா நம்ப வூட்டுக்கு வந்து, நம்ப சேர்ல குந்தி, நம்ப மோரக் குடிச்சாங்க. அவுங்க சேர அவுங்க தூக்கினு வந்து குந்தறதும் இதுவும் ஒண்ணாடா?"

மனிதர்களுக்குள் நடக்கிற விஷயமாக இருந்தால் அவள் சொன்னதுதான் சரி. ஒரு வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்தவர் அந்த வீட்டை இடிக்க முடியாது. ஆனால் இது மனிதர்களுக்குள் நடக்கிற விஷயம் இல்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? என்னிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் லத்தீனிலிருந்து வந்தது.

"சரி, ரேகையையும் வச்சிடேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

"ரேகை வச்சா இன்னா அர்த்தம்? நான் போறேன்னு ஒத்துக்கினதா அர்த்தம். அந்தம்மா எனுக்காக எழுதிக்கினு இருக்க சொல்ல, நானே போயி வூடு வாணாம்னு கை வச்சா, அவுங்க மூஞ்சி எங்க போவும்? குந்தினவங்கள அசிங்கப்படுத்தறதா?"

முகாமின் கடைசி நாளன்று காலையில் சிநேகிதனின் ஆட்டோவில் போய் வாசலில் நின்றேன். அக்கா விடுதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நீலச் சேலை, அதாவது அவர்கள் கொடுத்த சீருடை. தலை வாரிக்கொண்டே, "டியூட்டி கீது" என்றாள். கெஞ்சினேன். திட்டினேன். செத்த மாமாவை இழுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஓரிடத்தில் தங்கத் தெரியாத தம்பி வீட்டைப் பற்றிப் பேசுகிறானே என்கிற இரக்கம்தான் இருந்தது.

"மச்சான், தூக்கிப் போட்டுனு போய்டலாமா? ஆட்டோல கதவுகூட இல்ல, ஈசி" என்றான் சிநேகிதன். அக்காவே சிரித்துவிட்டாள்.

தூக்கிக்கொண்டு போகலாம். கட்டைவிரலை யார் வைப்பது? அவளை விடுதியில் இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் செங்கல்பட்டுக்குப் போனோம். முகாமில் கூட்டம் குறைந்திருந்தது. மேடத்தைப் பார்த்துக் கையோடு ஒரு வார்த்தை போனில் அக்காவிடம் சொல்லச் சொன்னால் போதும், அவள் ஓடிவருவாள் என்பது என் கணக்கு. மேடம் இல்லை. மாற்றலாகிவிட்டார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். "அது இன்னாத்துக்கு உனுக்கு?" என்றார் வாசலில் இருந்தவர்.

உள்ளே அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். மேசை மேடம் விட்டுப்போனது, சாய்வில் டர்க்கி டவல் போட்ட நாற்காலியும் அவர் விட்டுப்போனது. நின்றுகொண்டே சொன்னேன். அவர் மோசமானவர் இல்லை, முழுக்கக் கேட்டார். "ஆள் வரணும்ப்பா. ஆள் வராம மெஷின் ஒத்துக்காது. சாயந்திரத்துக்குள்ள கூட்டினு வா" என்றார். மேடம் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் பார்த்தார். எழுதியிருந்தார். தகுதியுள்ளவர், மாற்று வீடு வழங்கலாம் என்று எழுதியிருந்தார். முடிந்ததைத்தான் எழுதியிருந்தார். அக்கா வந்து ரேகை வைத்தால் கிடைத்துவிடும்.

அக்காவுக்குப் போன் செய்தேன். அறை துடைக்கும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது விடுதியில் விதி, அது எனக்குத் தெரியாது. மறுபடி மறுபடி அடித்தேன். திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது காவலாளி ஷிப்ட் முடியாமல் விடமாட்டேன் என்றார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"பாத்தியா, எழுதிக்கிறாங்க. நான் சொன்னேன்ல?"

முகாம் முடிந்திருந்தது. அதன்பின் ஏறி இறங்கிய வாசல்களைப் பற்றி எழுதப் போவதில்லை. எல்லா இடத்திலும் கடைசித் தேதி முடிந்துவிட்டது என்றார்கள். அது உண்மையும்தான்.

இடிக்க வந்த அன்று தெருவில் அக்கா மட்டும்தான். மற்றவர்கள் பாத்திரம் பண்டம், கதவு, ஷீட், ஆபீசர் சேர் எல்லாவற்றையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். பொக்லைன் வரிசையின் முதல் சுவரிலிருந்து ஆரம்பித்தது. நானும் சிநேகிதனும் அக்கா வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைத்தோம். பீரோ, அரிசி டிரம், மாமா போட்டோ, என் பெயிண்ட் வாளி. அக்கா எதையும் தொடவில்லை. வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரை எதிர்பார்க்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை.

ஜீப் வந்தது. செங்கல்பட்டில் நான் பார்த்த அதே மனிதர் இறங்கினார். கூட இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு டிரைவர். வெயில் ஏறியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். சட்டென்று போனை எடுத்துப் பார்த்தார். நிழலென்று அங்கே இருந்தது அக்கா வீட்டுப் புங்கமரம் மட்டும்.

டிரைவர் எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டான். "யம்மா, சாருக்கு ஒரு சேர் கீதா?"

ரோமாபுரி அதிகாரி தன் நாற்காலியைத் தேரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சிரமமும் கிடையாது. எல்லா வீட்டிலும் நாங்களே துடைத்துத் தயாராக வைத்திருந்தோம்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா போய்விட்டாள். சாமான்களுக்கு நடுவில் இருந்த நாற்காலியை எடுத்தாள். சுற்றியிருந்த சேலையை அவிழ்த்தாள். முந்தானையால் இருக்கையைத் துடைத்தாள், சாய்வைத் துடைத்தாள், கைப்பிடிகளைத் துடைத்தாள், விடுதியில் விருந்தாளிகளுக்குத் துடைப்பதுபோல நான்கு கால்களையும் குனிந்து துடைத்தாள். புங்கமரத்தடியில் சமதளம் பார்த்துப் போட்டு, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தாள்.

"குந்துங்க சார்."

அவர் உட்கார்ந்தார்.

"இதே சேர்லதான் சார் மேடம் குந்தினாங்க. மோர் குடிச்சாங்க. எனுக்கு எழுதிக் குடுத்துக்கிறாங்க."

"தெரியும்மா," என்றார் அவர், தரையைப் பார்த்து. பிறகு பொக்லைன்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அக்கா என்னிடம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக இருந்தது. குரலை இறக்கி, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் சொன்னாள். "குந்திட்டாரு பாத்தியா?"

பொக்லைன் பக்கத்து வீட்டின் கடைசிச் சுவரைத் தள்ளிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா" என்றேன். "குந்திட்டாரு."